பவர் பிஐ தரவு மாடலை ஏஐ உதவியாளருடன் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பவர் பிஐ என்பது மைக்ரோசாஃப்ட்டின் தரவு அறிக்கைக் கருவி. உங்கள் கணினியில் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் திறந்திருக்கும் தரவு மாடலை (அட்டவணைகள், அவற்றுக்கிடையேயான உறவுகள், கணக்குகள் எல்லாம் சேர்ந்தது) ஏஐ உதவியாளரால் நேரடியாகப் படிக்க முடியும். அட்டவணைகளையும் மெஷர்களையும் (மாடலில் பெயர் வைத்து எழுதிய கணக்குச் சூத்திரங்கள்) பார்த்து, தானே டாக்ஸ் (DAX, பவர் பிஐயின் சூத்திர மொழி) எழுதி ஓட்டி, விடையும் சொல்லும். இணைப்பு மட்டும் என்றால் அரை மணி நேர வேலைதான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தோடு நின்றுவிடுகிறார்கள். இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் கேள்விகளை அடுக்கி, வந்த எண்ணை அப்படியே அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நுழைகிறது. இணைப்பதற்கு முன்னால் மாடலைச் சீர்செய்வதும், இணைத்த பிறகு விடைகளைச் சரிபார்ப்பதும்தான் உண்மையான வேலை. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எது எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு பவர் பிஐ கோப்பைத் திறந்தவுடன் பின்னணியில் அனாலிசிஸ் சர்வீசஸ் என்ற இன்ஜின் ஒன்று உங்கள் கணினியிலேயே ஓடத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பவர் பிஐயின் கீழே அதைப் பார்க்கலாம். தரவு முழுக்க அதன் நினைவகத்தில் இருக்கும். அது ஒரு போர்ட் எண்ணில் கேள்விகளுக்காகக் காத்திருக்கும்.

ஏஐ உதவியாளருக்கு அந்த இன்ஜினோடு பேசத் தெரியாது. இடையில் எம்சிபி சர்வர் என்ற சிறிய நிரல் வேண்டும். எம்சிபி (MCP) என்பது ஏஐ உதவியாளர்கள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான பொது நெறிமுறை. உதவியாளர் எம்சிபி வழியாக அதனிடம் கேட்கும், அது இன்ஜினிடம் டாக்ஸாகக் கேட்டு விடையைத் திருப்பித் தரும். ஆக மொத்தம் மூன்று பகுதிகள்: இன்ஜின், எம்சிபி சர்வர், உதவியாளர் செயலி. பின்னால் எங்கே சிக்கல் வந்தாலும், இந்த மூன்றில் எது நின்றுபோனது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகும். கோப்பை மூடினால் இன்ஜினும் நின்றுவிடும், இணைப்பும் போய்விடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போர்ட் எண் மாறும். இரண்டு கோப்புகள் திறந்திருந்தால் இரண்டு இன்ஜின்கள், இரண்டு போர்ட்கள்.

பலர் பவர் பிஐ கோப்பையே சாட்டில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அதில் தரவு சுருக்கப்பட்ட வடிவில் இருப்பதால், கோப்பை ஏற்றுவதால் உருப்படியான விடை வராது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பவர் பிஐ சர்வீசில் (பவர் பிஐயின் இணையச் சேவை) ஏற்கெனவே வெளியிட்ட மாடலோடு நேரலை இணைப்பில் உள்ள அறிக்கை என்றால், உங்கள் கணினியில் மாடலே இருக்காது. இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது. தரவை நினைவகத்தில் ஏற்றாமல் மூலத்திலிருந்தே எடுக்கும் டைரக்ட் கொயரி முறையில் உள்ள மாடலுக்குப் பொருந்தும், ஆனால் உதவியாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் மூல தரவுத்தளத்தைப் போய்த் தட்டும். அலுவலகமே பயன்படுத்தும் தரவுத்தளம் என்றால் அதை நினைவில் வையுங்கள்.

2. தரவு வெளியே போகலாமா என்று முதலில் முடிவெடுங்கள்

இன்ஜின் உங்கள் கணினியில் ஓடுகிறது, எம்சிபி சர்வரும் உங்கள் கணினியில் ஓடுகிறது. அதனால் தரவும் இங்கேயே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வர் திருப்பித் தரும் ஒவ்வொரு வரிசையும் உதவியாளரின் உரையாடலுக்குள் போகிறது. கிளாட், சாட்ஜிபிடி, கோபைலட் போன்ற மேகக்கணிச் சேவை என்றால், அந்த வரிசைகள் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும். அட்டவணைப் பெயர்களும் மெஷர்களின் சூத்திரங்களும்கூடப் போகும்.

இதை ஏன் இரண்டாவது படியாகவே வைக்கிறேன் என்றால், இணைத்த பிறகு யோசித்துப் பயனில்லை. "வாடிக்கையாளர் அட்டவணையில் என்ன இருக்கிறது?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், உதவியாளர் பெயரும் தொலைபேசி எண்ணுமாகச் சில வரிசைகளை மாதிரிக்கு எடுத்துவிடும்.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனத்தில் தரவுக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நிறுவனக் கணக்கிலேயே பயன்படுத்துவது. இரண்டு, தனிநபர் விவரங்களை நீக்கிய நகல் மாடலை இணைப்பது. மூன்று, உதவியாளருக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடலையும் உங்கள் கணினியிலேயே ஓட்டுவது. அதற்கு எல்எம் ஸ்டுடியோ, ஓலாமா போன்ற செயலிகள் உண்டு. எல்எம் ஸ்டுடியோ எம்சிபி சர்வரை நேரடியாக ஏற்றுக்கொள்ளும். ஓலாமா என்றால் மேலே எம்சிபி தெரிந்த இன்னொரு செயலி வேண்டும். மூன்றாவது வழியில் தரவு வெளியே போகாது, ஆனால் சிறிய மொழி மாடல்கள் டாக்ஸில் தடுமாறும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. பெயரும் எண்ணும் இல்லாத நகலிலேயே எல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

நெடுவரிசையை மறைத்து வைத்திருக்கிறேன், அது தெரியாது என்று நினைக்க வேண்டாம். மறைப்பது அறிக்கை எழுதுபவரின் வசதிக்கு மட்டும்; இன்ஜினிடம் கேட்டால் அது தந்துவிடும். வரிசை அளவிலான பாதுகாப்பும் (யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு) இங்கே காப்பாற்றாது. டெஸ்க்டாப்பில் நீங்கள்தான் நிர்வாகி, அதனால் உங்கள் பெயரில் வரும் கேள்விக்கு எல்லா வரிசைகளும் திறந்தே இருக்கும்.

3. கையில் வைத்திருக்க வேண்டியவை

விண்டோஸ் கணினியும் புதிய பவர் பிஐ டெஸ்க்டாப்பும் வேண்டும். எம்சிபியை ஏற்கும் உதவியாளர் செயலி வேண்டும். கிளாட் டெஸ்க்டாப், அல்லது கோபைலட் உள்ள விஎஸ் கோடு (மைக்ரோசாஃப்ட்டின் நிரல் எழுதும் செயலி). எம்சிபி சர்வருக்கு மைக்ரோசாஃப்ட்டே பவர் பிஐ மாடலிங் எம்சிபி என்ற ஒன்றைத் தருகிறது. விஎஸ் கோடு நீட்சியாகவும் நிறுவலாம், தனியாகவும் ஓட்டலாம்.

வேறு ஆட்கள் எழுதிய சர்வர்களும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் அது உங்கள் பயனர் உரிமையோடு ஓடும் நிரல் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் தொடக்கூடிய எல்லாக் கோப்பையும் அதுவும் தொடலாம். யார் எழுதியது, மூலநிரல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

கூடவே டாக்ஸ் ஸ்டுடியோவையும் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம். உதவியாளர் எழுதிய டாக்ஸை நீங்களே ஓட்டிப் பார்க்க அது கட்டாயம் தேவைப்படும்.

கடைசியாக, விடை ஏற்கெனவே தெரிந்த பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கணக்குப் பிரிவு ஒப்புக்கொண்ட போன மாத விற்பனை, ஒரு குறிப்பிட்ட கிளையின் ஆர்டர் எண்ணிக்கை, இப்படி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தத் தாள் இல்லாவிட்டால் எட்டாவது படியில் சரிபார்க்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

4. மாடலைச் சீர்செய்யுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். உங்கள் நிறுவனத்தைப் பற்றி உதவியாளருக்கு எதுவும் தெரியாது. அட்டவணைப் பெயர், நெடுவரிசைப் பெயர், மெஷரின் பெயர், விளக்கம், உறவுகள் இவைதான் அதற்குக் கிடைக்கும் தகவல். 'தொகை1', 'தொகை2' என்று இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தயங்காமல் விடை சொல்லிவிடும்.

முதலில் பெயர்கள். சுருக்கெழுத்துகளை விரித்து எழுதுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் வேண்டாம். பழைய சோதனை மெஷர்களை நீக்குங்கள். 'விற்பனை', 'விற்பனை புதிது', 'விற்பனை கடைசி' என்று மூன்று இருந்தால் எது சரி என்று புதிதாகச் சேர்ந்த சக ஊழியருக்கே தெரியாது.

அப்புறம் விளக்கங்கள். மாடல் காட்சியில் ஒரு மெஷரைத் தேர்ந்தெடுத்தால் பண்புகள் பலகத்தில் விளக்கம் எழுத இடம் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் அது காலியாகவே கிடக்கும். 'நிகர விற்பனை' என்ற மெஷருக்கு "நிகர விற்பனையைக் கணக்கிடுகிறது" என்று எழுதுவது வீண். இப்படி எழுதுங்கள்: "ரத்தான ஆர்டர்களையும் திரும்பி வந்த சரக்கின் மதிப்பையும் கழித்த விற்பனை. வரி சேராது. ஆர்டர் தேதிப்படி கணக்கு. டெலிவரி தேதிப்படி வேண்டுமென்றால் இதைப் பயன்படுத்த வேண்டாம்." எது சேரும், எது சேராது, எந்தத் தேதி, எப்போது பயன்படுத்தக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் போதும்.

அடுத்து, முக்கியமான ஒவ்வொரு எண்ணுக்கும் மெஷர் இருக்க வேண்டும். அறிக்கையில் நெடுவரிசையை இழுத்துப் போட்டு, அதுவே கூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், கூட்டுவதா சராசரி எடுப்பதா என்ற முடிவு உதவியாளரின் கைக்குப் போய்விடும்.

விகிதங்களில் இது எப்படிக் கெடுக்கும் என்று பாருங்கள். ஒரு கிளையில் 1000 ஆர்டர், அதில் 20 திரும்பி வந்தது: 2 சதவீதம். இன்னொரு கிளையில் 100 ஆர்டர், 10 திரும்பி வந்தது: 10 சதவீதம். கிளைவாரி சதவீதத்தை ஒரு நெடுவரிசையில் வைத்திருந்தால் உதவியாளர் சராசரி எடுத்து 6 சதவீதம் என்று சொல்லலாம். உண்மையில் 1100 ஆர்டருக்கு 30 திரும்பி வந்திருக்கிறது, அதாவது சுமார் 2.7 சதவீதம். திரும்பியவற்றை ஆர்டரால் வகுக்கும் மெஷர் ஒன்றை எழுதிவிட்டு, அந்த நெடுவரிசையை மாடலிலிருந்தே எடுத்துவிடுங்கள். மறைத்தால் போதாது.

தேதிகளையும் பாருங்கள். தானியங்கித் தேதி வசதி இயக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் மறைவான ஒரு தேதி அட்டவணை உருவாகியிருக்கும். உங்கள் கண்ணில் படாது, உதவியாளரின் பட்டியலில் வரிசையாக நிற்கும். சரியான ஒரே தேதி அட்டவணையை வைத்துக்கொண்டு அந்த வசதியை நிறுத்துங்கள். ஆனால் ஏற்கெனவே அதை நம்பியிருக்கும் காட்சிகளும் மெஷர்களும் உடையும். அதனால் நகலில் நிறுத்திப் பார்த்து, உடைந்தவற்றைச் சரிசெய்துவிட்டு அசலுக்கு வாருங்கள்.

செயலில் இல்லாத உறவுகள் (மாடலில் இருந்தாலும், சூத்திரத்தில் தனியாகச் சொன்னால் மட்டுமே வேலை செய்பவை) இருந்தால், டெலிவரி தேதிப்படியான கணக்குக்குத் தனி மெஷர் எழுதிவிடுங்கள். உதவியாளர் அந்த உறவைத் தானே கண்டுபிடித்துப் பயன்படுத்தும் என்று நம்பாதீர்கள்.

5. ஏஐ இல்லாமலேயே இணைப்பைச் சோதியுங்கள்

கோப்பைத் திறந்து வைத்து, டாக்ஸ் ஸ்டுடியோவில் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள். கீழ்ப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் போர்ட் எண்ணும் தெரியும். ஏதாவது ஒரு மெஷரைக் கொண்டு சிறிய கேள்வி ஒன்றை ஓட்டுங்கள்.

எண் வந்தால் இன்ஜின் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் இணைப்புச் சிக்கல் வந்தால் அது சர்வரிலோ உதவியாளர் செயலியிலோதான். இந்தச் சின்னச் சோதனையை விட்டுவிட்டு, மாடலே திறந்திருக்காதபோது மணிக்கணக்கில் அமைப்புக் கோப்பைத் திருத்துபவர்கள் உண்டு.

6. சர்வரைச் செயலியில் சேருங்கள்

விஎஸ் கோடு நீட்சியாக நிறுவினால் பெரிதாக வேலை இல்லை. தனியாக நிறுவி கிளாட் டெஸ்க்டாப்பில் சேர்ப்பதென்றால், அமைப்புகளில் டெவலப்பர் பகுதிக்குப் போய் அமைப்புக் கோப்பைத் திறக்க வேண்டும். அது ஒரு ஜேசன் (JSON, அமைப்புகளை எழுத்து வடிவில் எழுதும் முறை) கோப்பு. அதில் சர்வரின் பெயர், ஓட்ட வேண்டிய நிரலின் முழுப் பாதை, அதற்குக் கொடுக்கும் விருப்பங்கள் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும்.

விருப்பங்களில் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் சர்வரில் இது உண்டு. இல்லாவிட்டால் மெஷரை மாற்றவும் நீக்கவும் உதவியாளருக்குக் கருவிகள் கிடைத்துவிடும். "இந்த மெஷரைக் கொஞ்சம் சரிபார்" என்று நீங்கள் சொன்னதை "சரிசெய்" என்று அது எடுத்துக்கொண்டால் மாடல் மாறிவிடும்.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். விண்டோஸ் பாதையில் வரும் பின்சாய்வுக் கோட்டை ஜேசனில் இரட்டிப்பாக எழுத வேண்டும். ஒன்றாக எழுதினால் கோப்பே படிக்கப்படாது. கடைசி உறுப்புக்குப் பிறகு காற்புள்ளி இருக்கக் கூடாது. கிளாட் டெஸ்க்டாப்புக்கு எழுதிய அமைப்பை அப்படியே விஎஸ் கோடுக்குக் கொண்டுபோனால் ஓடாது. முன்னதில் மேல்நிலைப் பெயர் 'எம்சிபி சர்வர்ஸ்' என்று சேர்ந்தே வரும், பின்னதில் வெறும் 'சர்வர்ஸ்'.

சேமித்த பிறகு செயலியை முழுமையாக நிறுத்திவிட்டுத் திறங்கள். சாளரத்தை மூடினால் போதாது, டாஸ்க்பாரின் ஓரத்தில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே போய் வெளியேறு என்று கொடுங்கள். புதிய அமைப்பைத் தொடங்கும்போதுதான் அது படிக்கிறது.

7. முதல் உரையாடலில் எண் கேட்காதீர்கள்

முதலில், திறந்திருக்கும் மாடல்களைப் பட்டியலிட்டு இன்னதோடு இணை என்று சொல்லுங்கள். இரண்டு கோப்புகள் திறந்திருந்தால் தவறானதோடு இணைந்துவிடும் வாய்ப்பு அதிகம். போன மாத நகலும் இந்த மாதக் கோப்பும் ஒரே மாதிரி அட்டவணைகளோடு இருப்பதால், தவறான விடை சரியான விடை போலவே தெரியும். பழகும் வரை ஒரே கோப்பைத் திறந்து வைப்பது நல்லது.

அடுத்து, அட்டவணைகள், உறவுகள், மெஷர்கள் இவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு மெஷரும் எதைக் கணக்கிடுகிறது என்று அதன் சொந்த வார்த்தையில் விளக்கச் சொல்லுங்கள். எங்கே தப்பாக விளக்குகிறதோ அங்கே உங்கள் விளக்கம் போதவில்லை என்று பொருள். நான்காவது படிக்குத் திரும்பிப் போய் அதைத் திருத்துங்கள். சாட்டில் திருத்திச் சொன்னால் அடுத்த உரையாடலில் அது மறந்துபோகும். மாடலில் எழுதினால் நிலைக்கும்.

8. விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள்

இப்போது அந்தப் பத்துக் கேள்விகளை எடுங்கள். ஒவ்வொரு விடையோடும் ஓட்டிய டாக்ஸையும் காட்டச் சொல்லுங்கள். அதை டாக்ஸ் ஸ்டுடியோவில் ஒட்டி நீங்களே ஓட்டுங்கள்.

டாக்ஸில் மூன்றைப் பாருங்கள். இருக்கிற மெஷரைப் பயன்படுத்தியதா, இல்லை நெடுவரிசையைத் தானே கூட்டியதா? 'போன மாதம்' என்பதற்கு எந்தத் தேதிகளை எடுத்தது? நீங்கள் சொல்லாத ஃபில்டர் ஏதாவது சேர்த்திருக்கிறதா, அல்லது அறிக்கைப் பக்கத்தில் உள்ள ஃபில்டர் இங்கே விடுபட்டிருக்கிறதா? கடைசியாகச் சொன்னதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். உதவியாளருக்குத் தெரிவது மாடல் மட்டும். பக்கத்தின் ஸ்லைசரில் (அறிக்கைப் பக்கத்திலேயே வைக்கும் ஃபில்டர் பெட்டி) நீங்கள் ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது அதற்குத் தெரியாது. அதனால் திரையில் ஓர் எண்ணும் சாட்டில் வேறோர் எண்ணும் இருந்தால் உடனே யாரையும் குறை சொல்லாமல் முதலில் ஃபில்டர்களை ஒப்பிடுங்கள்.

டாக்ஸ் காட்டாமல் எண் மட்டும் வந்தால் அந்த எண்ணை ஏற்காதீர்கள். நீண்ட உரையாடலில் உதவியாளர் கருவியை அழைக்காமல், முன்பு வந்த எண்களை வைத்துத் தானே கணக்குப் போட்டுச் சொல்வதும் நடக்கும். வளர்ச்சி விகிதம், பங்கு போன்றவற்றையும் இன்ஜினிலேயே கணக்கிடச் சொல்லுங்கள்.

9. நிரந்தரக் குறிப்பு ஒன்று எழுதுங்கள்

எட்டாவது படியில் மறுபடி மறுபடி திருத்த வேண்டியிருந்தவற்றைச் சிறு குறிப்பாக்கி, செயலியின் நிரந்தர அறிவுறுத்தலில் வையுங்கள். மெஷர் இருந்தால் அதையே பயன்படுத்து. விடையோடு டாக்ஸைக் காட்டு. வரிசைகளைப் பட்டியலிடும்போது 50க்கு மேல் எடுக்காதே. கேள்வி தெளிவில்லையென்றால் ஊகிக்காமல் கேள். வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து வரிசைகளை எடுக்காதே.

வரிசை வரம்பு ஏன் என்றால், பெரிய அட்டவணையை முழுசாக இழுத்தால் உரையாடலின் இடம் நிரம்பி, முன்னால் சொன்னதெல்லாம் விடுபட்டுப் போகும். கணினியிலேயே ஓடும் மொழி மாடல்களில் இது சீக்கிரமே நடக்கும். ஓலாமாவில் சூழல் அளவை (உரையாடலுக்கான இடம்) நீங்களாகவே கூட்டி வைக்க வேண்டியிருக்கலாம்.

ஆனால் குறிப்பு என்பது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. உண்மையிலேயே வெளியே போகக் கூடாத தரவு மாடலுக்குள் இருக்கவே கூடாது.

10. மாற்றும் அனுமதி கடைசியில்

சில வாரம் படிக்கும் நிலையிலேயே பழகிய பிறகு மாற்றும் அனுமதியைத் திறக்கலாம். முதல் வேலையாக, காலியாக உள்ள விளக்கங்களை எழுதச் சொல்லுங்கள். விளக்கம் தப்பானாலும் எண் மாறாது, திருத்துவதும் எளிது. மெஷர்களின் பெயர் மாற்றம், உறவுகளில் கை வைப்பது எல்லாம் பிறகு.

அதற்கு முன் கோப்பை பவர் பிஐ புராஜெக்ட் வடிவில் சேமித்து, கிட்டில் (Git, கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) வையுங்கள். மாடல் எழுத்து வடிவக் கோப்புகளாகப் பிரிவதால் எந்த மெஷரில் எந்த வரி மாறியது என்று பார்க்கலாம், பழைய நிலைக்கும் திரும்பலாம். டெஸ்க்டாப்பின் செயல்தவிர் பொத்தானை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். மாற்றங்கள் திறந்திருக்கும் மாடலில் உடனே விழும், கோப்பில் நீங்கள் சேமித்தால்தான் பதியும். சந்தேகம் வந்தால் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயலி ஒப்புதல் கேட்கும். 'எப்போதும் அனுமதி' என்பதைப் படிக்கும் கருவிகளுக்கு மட்டும் கொடுங்கள்.

11. நின்றுபோனால் எங்கே பார்ப்பது

கருவிகளே பட்டியலில் தெரியவில்லை என்றால் ஜேசனிலோ நிரலின் பாதையிலோ பிழை. செயலியின் பதிவுக் கோப்பில் காரணம் எழுதியிருக்கும்.

கருவிகள் தெரிகின்றன, மாடல் கிடைக்கவில்லை என்றால் கோப்பு திறந்திருக்கிறதா, முழுமையாக ஏறி முடிந்ததா என்று பாருங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் போர்ட் மாறியிருக்கும். பழைய உரையாடலைத் தொடராமல் மறுபடி இணையச் சொல்லுங்கள். போர்ட் எண்ணை எங்கேயும் நிலையாக எழுதி வைக்காதீர்கள்.

சர்வரை நீங்களே எழுதியிருந்து, அது தொடங்கியதும் விழுந்தால், நிரலில் ஏதாவது அச்சிடும் கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள். எம்சிபி பேசும் அதே வெளியீட்டு வழியில் உங்கள் சோதனைச் செய்தியும் கலந்தால் செயலிக்கு அது புரியாது. செய்திகளைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

இணைப்பு நன்றாக இருக்கிறது, எண் மட்டும் தவறு என்றால் எட்டாவது படிக்குப் போங்கள். பவர் பிஐ, சர்வர், உதவியாளர் மூன்றில் எது புதுப்பிக்கப்பட்டாலும் அந்தப் பத்துக் கேள்விகளை மறுபடி ஓட்டுங்கள். விடை மாறியிருந்தால், டாக்ஸைப் பார்ப்பதற்கு முன் மாடலின் தரவு கடைசியாக எப்போது ரிஃப்ரெஷ் ஆனது என்று பாருங்கள்.